மேரி லீ எங்கே போனாள்?

மானேஜர் இப்போது எந்த மாடியில் இருக்கிறார் என்று ஸீட்டில் உட்கார்ந்தபடியே தெரிந்தால், ஆபீஸ் வாழ்க்கை எவ்வளவு சுகம்! அமெரிக்காவில் இந்த வசதியைச் சுறாவுக்கே செய்துவிட்டார்கள், ஸார்.

2012 செப்டம்பரில் கேப் காட் அருகே 'ஓசர்ச்' என்ற ஆய்வுக் குழு ஒரு வெள்ளைச் சுறாவைப் பிடித்தது. நீளம் 16 அடி, எடை ஒன்றரை டன். முதுகுத் துடுப்பில் ஒரு டிரான்ஸ்மிட்டரை மாட்டி, மறுபடி கடலில் விட்டார்கள். பெயர் மேரி லீ. குழுத் தலைவர் கிறிஸ் ஃபிஷரின் அம்மா பெயராம். (நம்மூர் என்றால் மாமியார் பெயர்தான்!)

துடுப்பு தண்ணீருக்கு மேலே வந்தால் சிக்னல் சாட்டிலைட்டுக்குப் போகும். இன்டர்நெட் மேப்பில் ஒரு புள்ளி விழும். 2013 ஜனவரியில் ஃப்ளோரிடாவின் ஜாக்ஸன்வில் பீச்சில், கரையை ஒட்டியே புள்ளி! போலீஸுக்குத் தகவல் பறந்தது. அம்மணி யாரையும் கடிக்காமல் தன் வழியே போய்விட்டாள்.

அவள் போன பாதையை மேப்பில் பார்த்தபோது, புள்ளிகளைவிட நடுவிலிருந்த இடைவெளிகள்தான் என்னைப் பயமுறுத்தின. ரேடியோ அலை கடல்நீரைத் தாண்டி வராது. அவள் அடியில் நீந்தும்வரை மேப் காலி, கடல் காலியில்லை. டேக் மாட்டாத சுறாக்களோ கணக்கிலேயே இல்லை. நான் படித்த பி.காமுக்கு இது புரியும்: பேரேட்டில் ஏறாத கடனும் கடன்தான்.

2017 ஜூனோடு மேரி லீயின் சிக்னல் நின்றுபோனது. அந்த பாட்டரிக்கு ஆயுள் சுமார் ஐந்து வருஷம். வெள்ளைச் சுறாவோ 70 வருஷம்கூட வாழும். செத்தது பாட்டரிதான் என்று நான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.