மதகு நீரும் கிணற்று நீரும்

கணிப்பொறியில் ஒரு மென்பொருளை நிறுவுதற்கு லினக்சு உலகத்தார் இருவேறு நெறிகளைக் கையாளுகின்றனர். மூலநிரலைத் தாமே தேடிக்கொணர்ந்து, தம் பொறிக்கேற்பத் தொகுத்து, தம் கையாலேயே உரிய இடங்களில் அமைத்துக்கொள்ளுதல் ஒன்று. பொதி மேலாளர் என்னும் கருவிக்கு ஒருவரிக் கட்டளையிட்டு, அது பொதுக் களஞ்சியத்தினின்றும் வேண்டுவனவற்றைத் தருவித்து அமைக்குமாறு விடுதல் மற்றொன்று. இவற்றுள் எது சிறந்தது என்னும் வழக்கு எங்கள் விடுதியில் இராவுணவுக்குப் பின்னர்ப் பன்முறை நிகழ்ந்ததுண்டு. தமிழ் பயில்வானுக்கு இவ்வழக்கில் என்ன உரிமை என வினவுவாரும் உளர். உரிமை உண்டு, அதனைக் கூறவே இக்கட்டுரை எழுதப் புகுந்தேன்.

யான் முக்கொம்பை அடுத்த சிற்றூரினன். அகண்ட காவிரி ஆங்கே இரண்டாகப் பிரிந்து, வடபால் கொள்ளிடமாகவும் தென்பால் காவிரியாகவும் திருவரங்கத்தை நடுவே வைத்து ஓடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தும் காவிரியின் படுகை மணலேறி மேடிட்டும் இருந்தமையால், வெள்ளத்தின் பெரும்பகுதி கொள்ளிடத்தின் வழியே கடலுக்குச் சென்றது. தஞ்சை நாட்டு வயல்கள் நீரின்றி வாடின. ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் 1836இல் ஆங்கு மேலணையைக் கட்டுவித்த பின்னரே அந்நிலை மாறிற்று. எங்கள் வாழைத்தோட்டத்திற்கு வாய்க்கால் நீரும் உண்டு, கிணறும் உண்டு. இரண்டையும் நாற்பது ஆண்டு ஆண்ட எந்தையார் ஒருமுறை சொன்னார்: “வாய்க்காலில் தண்ணீர் வரவில்லையென்றால் பத்துப்பேராய்ப் போய்க் கேட்கலாம், தம்பி. மோட்டார் ஓடவில்லையென்றால் நான் ஒருவனாய்த்தான் அலைய வேண்டும்.” லினக்சின் பல்வேறு தொகுப்புக்களுக்கு நம்மவர் ‘வழங்கல்’ எனப் பெயரிட்டிருக்கின்றனர். அச்சொல்லை முதன்முதற் கேட்டபொழுது எனக்கு நீர்வழங்கலே நினைவிற்கு வந்தது. நினைக்க நினைக்க அவ்வொப்புமை வலுப்பட்டதேயன்றிக் குன்றவில்லை.

டெபியன் என்னும் வழங்கலை எடுத்துக்கொள்வோம். இஃது இயன் மர்டாக் என்பவரால் 1993 ஆகஸ்டுத் திங்களில் தொடங்கப்பெற்றது. பொதிகளை விரித்து அமைக்கும் ‘டிபிகேஜி’ என்னும் கருவி மறு ஆண்டிலேயே உருப்பெற்றது. களஞ்சியத்திலிருந்து பொதிகளைத் தேடித் தரும் ‘ஆப்ட்’ 1999இல் வெளிவந்த 2.1ஆம் பதிப்பில் இடம்பெற்றது. 2023 ஜூனில் வெளிவந்த 12ஆம் பதிப்பின் களஞ்சியத்தில் 64,000க்கு மேற்பட்ட பொதிகள் உள. எந்த மென்பொருளும் தனித்து நிற்பதன்று. ஒன்று மற்றொன்றைச் சார்ந்தது, அது பிறிதொன்றைச் சார்ந்தது. இச்சார்புகளையெல்லாம் கணக்கிட்டு, இல்லாதவற்றை உடன்கொணர்ந்து, முரணுவனவற்றைச் சுட்டிக்காட்டி, வந்த பொதி களஞ்சியத்தாரின் மின்கையொப்பத்தோடு பொருந்துகின்றதா எனச் சோதித்து, எக்கோப்பு எவ்விடத்தில் வைக்கப்பட்டது என்பதை ஏட்டிற் பதிந்து வைப்பதே பொதி மேலாளரின் பணி. ஏட்டில் உள்ளமையால், வேண்டாதபொழுது கோப்புக்களைச் சுவடின்றி நீக்கவும் அதனால் இயலும். நீராணிக்காரர் எம்மடை எந்நாழிகையில் திறந்தது என்று மனத்திற் கணக்கு வைத்திருப்பதை ஊரிற் கண்டவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

எனக்கு இஃது பயன்பட்ட வகையைச் சொல்கின்றேன். தமிழக அரசு 2011இல் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிற்று. சில ஆண்டு கழித்து என் தமக்கையார் பெற்ற கணினி, அவர் மணமாகிச் சென்றபின் என் கைக்கு வந்தது. முதுமையால் தளர்ந்திருந்த அப்பொறியில் டெபியனை ஏற்றினேன். அதன் நிறுவியே தமிழில் வினவும். அதுவே ஒரு மகிழ்ச்சி. சிறப்பு வகுப்பிற்குப் பழைய பதிப்புக்களின் ஒளிப்படப் பக்கங்களை எழுத்தாக மாற்ற வேண்டியிருந்தது. டெசராக்ட் என்னும் எழுத்துணரியும், அதற்குரிய தமிழ்த் தரவும், தமிழ்99 விசைப்பலகையை உள்ளடக்கிய எம்17என் உள்ளீட்டுத் தொகுதியும், லோகித் தமிழ் எழுத்துருவும் ஆகிய நான்கும் நான்கு பொதிகளாகக் களஞ்சியத்திலேயே இருந்தன. தேநீர் ஆறுவதற்குள் யாவும் வந்தமைந்தன. எழுத்துணரி ‘ழ’கரத்தை இடையிடையே ‘மு’ என்று படிக்கும். அது வேறு கதை.

விடுதித் தோழர் ஒருவர் கணிப்பொறியியல் பயில்பவர். அவர் இதனை இரவற்சோறு என இகழ்வார். மூலநிரலை இறக்கி, பொறியின் இயல்பை ஆராயும் நிரலை ஓட்டி, ‘மேக்’ எனக் கட்டளையிட்டு, அரைமணி நேரம் திரையில் வரிகள் ஓடுவதைப் பார்த்திருத்தலில் அவருக்கோர் இன்பம். அவர் கட்சியை எளிதிற் புறக்கணித்தல் முறையன்று. களஞ்சியத்தின் நிலைப்பதிப்பில் உள்ளது பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டு பழையதாய் இருக்கும். கையால் நிறுவுவோன் இன்று வெளிவந்ததை இன்றே பெறுவான். வேண்டாத கூறுகளை விலக்கலாம். தன் பொறிக்கெனக் கூர்மைப்படுத்தலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒரு மென்பொருள் எவ்வாறு உருவாகின்றது என்பதைக் கண்ணாற் காணலாம். இக்கடைசிப் பயன் ஒன்றிற்காகவே மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் அதனைச் செய்து பார்த்தல் நன்று என்பேன். ஆனால் அவ்வாறு நிறுவியதை டிபிகேஜியின் ஏடு அறியாது. அதில் ஒரு பாதுகாப்புக் குறை கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தம் வெளிவந்தால், பொதியாகப் பெற்றவர்க்கு அது வழக்கமான புதுப்பித்தலோடு வந்து சேரும். கையால் நிறுவியவரோ தாமே செய்தியறிந்து, தாமே மீண்டும் தொகுத்தல் வேண்டும். கிணறு வெட்டியவர் தூர்வாரவும் கடமைப்பட்டவர். தோழர் அதற்கும் அஞ்சாதவர்தாம். ஆயினும் தேர்வுக்காலத்தில் அவர் புதுப்பித்துக்கொண்டிருந்ததை யான் கண்டதில்லை.

இனி மதகின்மேல் உள்ள நம்பிக்கைக்கும் எல்லையுண்டு. 2018 ஆகஸ்டு 22ஆம் நாள் இரவு, வெள்ளப்பெருக்கின்போது, முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கேயுள்ள அணையின் 45 கதவுகளுள் ஒன்பது இடிந்து வீழ்ந்தன. யான் அப்பொழுது சிறுவன். ஊரார் கரையில் திரண்டு நின்றதும், மணல்மூட்டைகளும் பாறைகளும் இரவுபகலாக வந்திறங்கியதும் நினைவில் உள. ஏறக்குறைய இருநூறு ஆண்டு அவ்வணையை மலைபோல் நம்பியிருந்தோம். மென்பொருளுலகிலும் இத்தகையதொன்று நேர்ந்தது. கோப்புக்களைச் சுருக்கப் பயன்படும் ‘எக்ஸ்இசட்’ என்னும் சிறு கருவியைப் பெரும்பாலும் ஒரே தன்னார்வலர் பேணிவந்தார். துணைபுரிவார்போல் ஈராண்டுக்குமேல் உடனிருந்து நம்பிக்கை பெற்ற ஒருவர், அதன் 5.6.0, 5.6.1 ஆகிய வெளியீடுகளில் பிறர் பொறிக்குள் நுழைவதற்கான கள்ளவாயிலை ஒளித்துவைத்தார். ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்டு என்னும் பொறியாளர், தொலைபுகல் வழக்கத்தினும் அரை நொடி தாமதமாவதை ஐயுற்று ஆராய்ந்து, 2024 மார்ச்சு 29ஆம் நாள் அதனை உலகிற்கு அறிவித்தார். டெபியனின் சோதனைப்பதிப்பு வரை எட்டிய அந்நஞ்சு நிலைப்பதிப்பை அடையவில்லை. அந்நிகழ்ச்சி கையால் நிறுவுவோரின் வாதத்திற்கும் வலுவூட்டிற்றென்று சொல்வதற்கில்லை. கள்ளவாயிலைத் திறக்கும் கூறு, பலரும் பார்க்கும் பொது நிரல்மரத்தில் இல்லாமல், இறக்கிக்கொள்வதற்கென வைத்த கட்டிலேயே மறைக்கப்பட்டிருந்தது. அரைமணி நேரம் திரையில் ஓடும் வரிகளை எவர் படிக்கின்றார்?

ஆகவே வேண்டுவது, மதகைக் காப்போர் பலராதல். முற்காலத்தில் ஏரி வாய்க்கால்களை ஊரார் கூடிச் செப்பனிட்ட வழக்கத்தைக் குடிமராமத்து என்பர். டெபியனின் பொதிகளைப் பேணுவோரும் உலகெங்கும் பரவியுள்ள தன்னார்வலரே. இங்கேதான் தமிழ் பயில்வானின் உரிமை வருகின்றது. ஆற்றுப் பாசனத்தில் தலைமடைக்காரனுக்கு நீர் முந்தும்; கடைமடைக்காரன் காத்திருப்பான். மென்பொருட் பாசனத்தில் ஆங்கிலம் தலைமடை, தமிழ் கடைமடை. ஆங்கிலத்திற்கு எழுத்துப்பிழை திருத்தி வேண்டுமெனின் ஒருவரிக் கட்டளையில் வரும்; தமிழுக்குச் சந்திப்பிழை நோக்கும் கருவி வேண்டுமெனின், எவரோ ஓர் ஆர்வலர் தம் பக்கத்தில் இட்டுவைத்த மூலநிரலைத் தேடிப்பிடித்துக் கையால் நிறுவவேண்டியதாகும். அவர் அதனைக் கைவிட்டால் அதுவும் தூர்ந்துபோம்.

கையால் நிறுவுதல் நம்மொழிக்குப் புதிதுமன்று. தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் அச்சுப்பணி தொடங்கியபொழுது, தமிழெழுத்துக்கள் செருமனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு வந்தன. அவை மிகப் பெரியவாயிருந்தமையால், பொறையாற்றில் சிறிய எழுத்துக்களை வார்த்தும், காகிதச்சாலை கண்டும் வேலையை நடத்தினர். 1715இல் புதிய ஏற்பாடு முழுதும் தமிழில் அச்சாகி வெளிவந்தது. வழங்குவார் இல்லாதபொழுது கிணறு வெட்டியே ஆகவேண்டும். ஆயினும் அவர்கள் வெட்டியது தமக்கு மட்டுமன்று. எழுத்து வார்க்குங் கலை நாட்டிற் பரவிப் பொதுவாயிற்று. இக்காலத்தில் அங்ஙனம் பொதுவாக்கும் வழி, கையால் நிறுவிய தமிழ்க் கருவியைப் பொதியாகக் கட்டிக் களஞ்சியத்திற் சேர்ப்பித்தல். அதற்கு நிரலறிவு மட்டும் போதாது. விளக்கக் குறிப்புக்களைத் தமிழாக்கவும், பிழைகளைத் தெளிவாக எழுதி அறிவிக்கவும் இலக்கணங் கற்றோர் வேண்டும்.

தோழரும் யானும் இவ்வாண்டு தைத் திங்கள் முதல் சிறு முயற்சியொன்று தொடங்கியிருக்கின்றோம். டெபியன் பொதிகளின் விளக்கங்களைப் பன்மொழிகளில் பெயர்க்கும் திட்டமொன்று அவர்களிடத்தே உண்டு. ஞாயிறு ஆராதனை முடிந்து பிற்பகலில் இருவரும் அமர்ந்து நான்கைந்து விளக்கங்களைத் தமிழாக்குகின்றோம். பல நிரல்கள் பொதுவாகப் பயன்கொள்ளும் நிரற்றொகுதியை ஆங்கிலத்தில் ‘லைப்ரரி’ என்கின்றனர். அதனை ‘நூலகம்’ என்றே பெயர்க்கலாம் என்பது அவர் கட்சி. படிப்பவன் புத்தக அலமாரியை நினைப்பான், ‘நிரலகம்’ எனல் வேண்டும் என்பது என் கட்சி. மூன்று ஞாயிறு கழிந்தும் அவ்வழக்குத் தீரவில்லை. அச்சொல் வருமிடமெல்லாம் இப்பொழுதைக்கு வெற்றிடமாக விட்டிருக்கின்றோம்.