எல்லாம் ஒரே சிவப்பு

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழும். சமவெளி வீடுகளில் யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு சாமான் இங்குள்ள சில விடுதிக் குளியலறைகளின் கூரையில் இருக்கிறது: 250 வாட் ஹீட் லேம்ப். குளித்துவிட்டு நிற்கும்போது நடுங்காமலிருக்க அது. பக்கத்திலேயே ஈரக் காற்றை வெளியே தள்ள ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன். சூடும் ஈரமும் மின்சாரமும் ஒரே மூலையில் கூடினால் என்னவெல்லாம் நடக்கும் என்று பார்க்கத்தான் ஓர் எலக்ட்ரீஷியனோடு போயிருந்தேன்.

விடுதிக்காரரின் புகார் இதுதான்: ஹீட் லேம்ப் பல்ப் போய்விட்டது, அன்றிலிருந்து ஃபேனும் ஓடவில்லை. இரண்டும் ஒன்றாகக் கெட்டுவிட்டன என்று புது ஃபேனே வாங்கி வைத்திருந்தார்.

எலக்ட்ரீஷியன் பையைத் திறக்கவில்லை. அறையைப் பராமரிக்கும் பையனைக் கூப்பிட்டார். "தம்பி, பல்ப் நல்லா இருந்தப்ப ரெண்டு ஸ்விட்சையும் சேத்துப் போட்டா ஃபேன் ஓடுமா?"

"ஓடாதுங்கண்ணா. லைட்டைப் போட்டா ஃபேன் நின்னுரும். அதனால ஒண்ணொண்ணாத்தான் போடுவோம்."

"புது ஃபேனைத் திருப்பிக் குடுத்துருங்க சார்" என்றார் விடுதிக்காரரிடம்.

ஏணியில் ஏறி, ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையை நகர்த்தினார். ஃபேன் ஸ்விட்சைப் போடச் சொல்லி, ஃபேனின் ஒரு முனையில் டெஸ்டரை வைத்தார்; எரிந்தது. மறுமுனையில் வைத்தார், அங்கும் எரிந்தது. "ரெண்டு பக்கமும் கரண்ட் வருதேன்னு இங்கதான் பல பேர் ஏமாறுவாங்க. டெஸ்டர் பாதி உண்மைதான் சொல்லும்" என்று மல்டிமீட்டரை எடுத்தார். இரு முனைகளுக்கும் நடுவே பூஜ்ஜியம். ஒரு முனையையும் லேம்ப் ஹோல்டரின் நியூட்ரலையும் தொட்டபோது 230 வோல்ட்.

விஷயம் புரிந்தது. ஃபேனின் நியூட்ரல் முனை நியூட்ரலுக்குப் போகவில்லை. ஹீட் லேம்புக்குப் போகும் ஃபேஸ் ஒயரோடு முறுக்கப்பட்டிருந்தது. ஃபேனை மட்டும் போட்டால் மின்சாரம் ஃபேன் வழியாகப் போய், பல்பின் இழைக்குள் நுழைந்து நியூட்ரலை அடையும். குளிர்ந்த இழைக்கு மின்தடை மிகக் குறைவு; அதனால் ஃபேன் ஓடும், பல்ப் ஒளிராது. லேம்பையும் போட்டால் ஃபேனின் இரு முனைகளிலும் ஒரே ஃபேஸ், ஃபேன் நிற்கும். இழை அறுந்தால் திரும்பும் வழியே கிடையாது. புது ஃபேனை மாட்டியிருந்தாலும் ஓடியிருக்காது.

இந்தத் தப்பு ஏன் நேர்ந்தது? ஸ்விட்ச் போர்டிலிருந்து மேலே வந்த மூன்று ஒயர்களும் சிவப்பு. எப்போதோ ஃபேனை மாற்றியவர் எது நியூட்ரல் என்று தெரியாமல் கைக்குக் கிடைத்ததில் முறுக்கி, டேப் சுற்றிப் போய்விட்டார். ஃபேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை என்பது நம் ஊரில் ஒயரிங் பழகும் பையனுக்கு முதல் பாடம். "மிச்சமிருந்த காயில்ல இழுத்திருப்பாங்க சார். இன்னொரு காயில் வாங்கச் சொன்னா வீட்டுக்காரர் முகம் சுளிப்பார்" என்றார்.

மெயினை அணைத்துவிட்டு ஒயரைக் கீழே இழுத்துக் காட்டினார். லேம்புக்குப் பக்கத்தில் இருந்த இன்சுலேஷன் பழுப்பேறி, விரலால் வளைத்ததும் அப்பளம்போல் நொறுங்கியது. சாதாரண பி.வி.சி. ஒயர் 70 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். டேப் சுற்றிய முறுக்கில் ஈரம் ஏறி, செம்பு பச்சை பூத்திருந்தது. ஃபேனின் குழாய் வெளிச்சுவர் வரை போகாமல் சீலிங்குக்குள்ளேயே முடிந்திருந்ததால், குளியலறை ஆவி முழுவதும் அந்த இணைப்பின்மேல்தான் படிந்திருக்கிறது. லேம்பின் இரும்புச் சட்டத்துக்கு எர்த்தும் இல்லை.

ஒவ்வொரு ஒயராக மல்டிமீட்டரின் பீப் ஒலி வைத்துச் சோதித்து, நியூட்ரலின் இரு முனைகளிலும் கறுப்பு டேப் சுற்றினார். கருகிய துண்டை வெட்டி, சூடு தாங்கும் ஒயரைக் கண்ணாடி நார் ஸ்லீவுக்குள் நுழைத்துப் போட்டார். பீங்கான் ஹோல்டர், பெட்டிக்குள் கனெக்டர், சட்டத்துக்குப் பச்சை ஒயர். புது பல்பைத் திருகி இரண்டு ஸ்விட்சையும் போட்டபோது இரண்டும் வேலை செய்தன. விடுதிக்காரர் கூலியைக் கேட்டுவிட்டு, "ஒரு ஒயரை மாத்தினதுக்கா?" என்றார். எந்த ஒயர் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் கூலி என்பதை எல்லா வீட்டிலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழக அரசு மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்துகிறது. அதை எழுத ஒயரிங் தொழிலில் 5 ஆண்டு செய்முறை அனுபவம் கேட்கிறார்கள். அத்தனை காலம் கைபழகியவருக்கும் ஒயரை மாற்றிய நேரத்தை மட்டும் பார்த்துக் கூலி பேசுகிறோம்.

உங்கள் வீட்டில் ஒயரிங் நடந்தால் நிறம் பிரித்து ஒயர் வாங்கிக் கொடுங்கள். எம்.சி.பி. ஒயரைக் காக்கும்; ஆளைக் காப்பது, மின்கசிவு கண்டதும் அணையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அழுத்தியும் மின்சாரம் நிற்காவிட்டால், அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.