ஆறு பேர்

கொலைக் கதை என்றால் நம்மவர்க்கு அலாதிப் பிரியம். "சீ, இதையெல்லாமா பத்திரிகையில் போடுவது!" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே கடைசி வரி வரையில் படித்துவிட்டுத்தான் கீழே வைப்போம். உபாத்தியாயர் தொழில் செய்யும் நாமும் இதற்கு விலக்கல்ல என்பதைச் சென்ற மாதம் காசிமேட்டில் தெரிந்துகொண்டோம்.

அன்று வகுப்பிலே பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய பாடம். உதாரணத்துக்கு ஆட்டோ சங்கர் வழக்கை எடுத்துக்கொண்டோம். திருவான்மியூரில் வாழ்ந்த அவனுக்கு ஆறு கொலைகளுக்காக 1991-ம் வருஷம் மரண தண்டனை விதிக்கப்பட்டது. சிறையில் அவன் எழுதிய சுயசரிதையை 'நக்கீரன்' பத்திரிகை பிரசுரிக்க முற்பட்டது. அதிகாரிகள் சிலரோடு தனக்கிருந்த நெருக்கத்தையும் அவன் அதில் எழுதியிருப்பதாகப் பத்திரிகை கூறிற்று. சிறை இலாகாவின் தலைமை அதிகாரி, பிரசுரிக்கக் கூடாதென்று கடிதம் எழுதினார். ஆசிரியர் ராஜகோபால் ஸுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அச்சேறுவதற்கு முன்பே தடுக்கச் சர்க்காருக்குச் சட்டத்தில் இடமில்லை என்று 1994 அக்டோபர் 7-ந் தேதி தீர்ப்பாயிற்று. மறு வருஷம் ஏப்ரலில் சங்கர் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டான்.

நல்ல தீர்ப்புத்தான். கொலைகாரன் தானாக முளைப்பதில்லை. அவனுக்கு நிழல் கொடுத்தவர் யார் என்பதைத் தேசம் அறியத்தான் வேண்டும். இவ்வளவோடு நாம் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவன் வர்ணம் பூசிப் பிழைத்தது, ஆட்டோ ஓட்டியது, சாராயம் கடத்தியது என்று ரஸித்து ரஸித்து வர்ணித்துக்கொண்டே போனோம். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"செத்துப்போனவங்க பேரு இன்னா, சார்?"

நமக்கு ஒரு பெயர்கூடத் தெரியவில்லை.

அவன் மீன் பிடிக்கும் குடும்பத்துப் பிள்ளை. கடலுக்குப் போன படகு திரும்பாத நாளில் அந்தக் கரையிலே முதலில் எழும் கேள்வி, போனவர்கள் யார் யார் என்பதுதான். காற்று எப்படி அடித்தது என்பதைப் பிறகுதான் விசாரிப்பார்கள்.

அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி, 1959-ம் வருஷம் கான்ஸாஸில் ஒரு குடும்பத்தார் நால்வரைக் கொன்ற இருவரோடு பல வருஷம் பழகினார். 1965-ல் அவர்கள் தூக்கிலேறிய பிறகே அவருடைய புத்தகம் முடிவு பெற்றது. கொலைகாரன் பேசுவான், எழுதுவான், தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லுவான். கேட்கிறவன் மனம் மெல்ல அந்தப் பக்கமே சாய்ந்துவிடுகிறது. மாண்டவர்களோ பேசுவதில்லை. நம் ஞாபகத்தில் அவர்கள் வெறும் எண்ணிக்கையாகிவிடுகிறார்கள்.

அன்றிரவு வழக்கின் விவரங்களைத் தேடிப் படித்தோம். மறுநாள் கரும்பலகையில் ஆறு பெயர்களையும் எழுதினோம். பையன் மௌனமாக நோட்டில் எழுதிக்கொண்டான். இந்தப் பக்கத்தில் மட்டும் அவற்றை அச்சிடவில்லை. தம் குடும்பத்தின் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை எல்லோருக்கும் உண்டென்று சொன்னதும் அதே தீர்ப்புத்தானே!