துப்பறியும் எலியும் ரெண்டு வார இருமலும்

வீட்டில் எட்டு, ஒன்பது வயசுல பிள்ளைங்க இருக்காங்களா? அப்போ இந்தப் பதிவு உங்களுக்குத்தான். இல்லேன்னாலும் கடைசி வரை படிங்க, காரணம் இருக்கு.

பேசில் என்று ஒரு துப்பறியும் எலி. லண்டன் பேக்கர் தெருவில், ஷெர்லாக் ஹோம்ஸ் வீட்டு நிலவறையில் குடியிருக்கிறது. ஹோம்ஸ் பேசுவதை ஒளிந்திருந்து கேட்டுக் கேட்டே தொழிலைக் கற்றுக்கொண்டது. அமெரிக்க எழுத்தாளர் ஈவ் டைட்டஸ் 1958ல் தொடங்கிய சிறுவர் கதை வரிசை இது. பேசிலுக்குத் துணை டாக்டர் டாசன். அவரும் எலிதான், நமக்குக் கதை சொல்வதும் அவர்தான்.

இந்த ஜோடி லண்டனிலேயே அடைந்து கிடக்காது. 1964ல் வந்த கதையில் சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலை, 1976ல் வந்ததில் மெக்சிகோ என்று கிளம்பிவிடும்.

ராத்திரி படுக்கும்போது என் மகளுக்கு இந்தக் கதைகளைத் தமிழில் சொல்வேன். ஒரு நாள் கேட்டாள்: "அம்மா, நிஜமாவே எலி வெளிநாடு போய்த் துப்பறியுமா?"

போகும். போயிருக்கு!

பெயர் மகாவா. ஆப்பிரிக்காவில் வாழும் பெரிய எலி வகை. எடை சுமார் 1.2 கிலோ. தான்சானியாவில் பிறந்து, பயிற்சி முடித்து, 2016ல் கம்போடியாவுக்குப் போனது. வேலை, போர்க்காலத்தில் புதைத்த கண்ணிவெடிகளை மோப்பம் பிடிப்பது. எடை குறைவு என்பதால் மேலே நடந்தாலும் வெடி வெடிக்காது. வாசம் வந்த இடத்தில் மண்ணைப் பிறாண்டிக் காட்டும். ஓய்வு பெறுவதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட வெடிபொருட்களைக் கண்டுபிடித்தது. 2020ல் பிரிட்டனின் விலங்கு நல அமைப்பு ஒன்று தங்கப் பதக்கம் கொடுத்தது. 2022 ஜனவரியில் இறந்தது.

"சம்பளம் என்னம்மா?" என்றாள். வாழைப்பழமும் நிலக்கடலையும் என்றேன். அவளுக்கு ரொம்பத் திருப்தி.

இப்போ விஷயத்துக்கு வர்றேன்.

இதே எலிகளுக்கு இன்னொரு வேலையும் இருக்கு. காசநோய், அதாவது டி.பி.யைக் கண்டுபிடிப்பது. தான்சானியா போன்ற நாடுகளில், டி.பி. இல்லை என்று முடிவு வந்த சளி மாதிரிகளை இந்த எலிகள் மறுபடி மோப்பம் பிடிக்கின்றன. சுமார் 20 நிமிடத்தில் 100 மாதிரிகள். எலி சந்தேகப்பட்டதை ஆய்வகம் திரும்பச் சோதித்து உறுதி செய்யும். முதல் பரிசோதனையில் தப்பிப்போன பல நோயாளிகள் இப்படிச் சிக்கியிருக்கிறார்கள்.

எப்படித் தப்பிப்போகும்? ஒரு மில்லி சளியில் ஏறக்குறைய 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் நுண்ணோக்கியில் தெரியும். அதற்குக் குறைந்தால் நோய் இருந்தும் "இல்லை" என்று வரலாம். நம் ஊரில் இப்போது சிபிநாட், ட்ரூநாட் என்ற மரபணுப் பரிசோதனைகள் இருக்கின்றன. குறைந்த கிருமியையும் பிடித்துவிடும். அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

ஆனால் எந்தத் துப்பறிவாளனுக்கும் முதலில் வழக்கு வரணுமில்லையா? வரவே மாட்டேங்குதே, அதுதான் பிரச்சினை.

என்னிடம் வந்த ஒரு தையல்காரர் ரெண்டு மாசமாக இருமலுக்கு மெடிக்கலில் சிரப் வாங்கிக் குடித்தே ஓட்டியிருந்தார். ஏன் வரலைன்னு கேட்டேன். "சின்னவளுக்கு வரன் பாக்குறோம் மேடம். டி.பி.ன்னு வெளிய தெரிஞ்சா யார் பொண்ணு எடுப்பாங்க?" அதே வீட்டில் மூத்த மகளின் மூணு வயசுக் குழந்தை, தாத்தா மடியிலேயே தூங்குகிற குழந்தை. சளியில் டி.பி. உறுதியானது. குழந்தையைப் பரிசோதித்து, நோய் வராமல் இருக்கத் தடுப்பு மருந்து கொடுத்தோம். அவர் ஆறு மாத மாத்திரையை விடாமல் முடித்தார், குணமாகிவிட்டார்.

ஆகவே, இந்தத் தடயங்களை மட்டும் நினைவில் வையுங்க:

ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல்.
சாயங்காலம் விட்டுவிட்டு வரும் காய்ச்சல்.
காரணமில்லாமல் எடை குறைவது.
ராத்திரி வியர்வை, சளியில் ரத்தம்.

இதில் ஒன்று இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்க. மருந்தும் இலவசம், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் அரசு உதவியும் உண்டு.

எலியை நம் ஊருக்கு வரவழைக்க வேண்டியதில்லை. பக்கத்து அறையில் யார் எத்தனை நாளாக இருமுகிறார்கள் என்று நீங்கள் எண்ணினால் போதும்.