அலைமேல் இருபது நாள்கள்

என் அண்ணன் மகள் அமெரிக்காவில் வளர்பவள். அகவை பதினாறு, ஏறத்தாழ உங்கள் வயதுதான். சென்ற கோடை விடுமுறையில் அவள் கரீபியன் கடலில், பிரித்தானிய வெர்ஜின் தீவுகளிடையே, பாய்மரப் படகொன்றில் இருபது நாள் வாழ்ந்தாள். பாய் செலுத்தவும் கடலடியில் மூழ்கவும் இளையோருக்குக் கற்பிக்கும் முகாம் அது. மார்கழி விடுமுறைக்கு மதுரை வந்தவள் ஒரு வாரம் அதைப் பற்றியே பேசினாள். கட்டணத்தைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது உண்மை. ஓர் ஆசிரியரின் பல மாத ஊதியம். ஆயினும் அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அவ்வகைப் படகுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கேட்டமரான்' என்னும் பெயர் நம் கட்டுமரத்திலிருந்து பிறந்தது. பெயர் நம்முடையது, உருவம் வேறு. நம் மீனவரின் கட்டுமரம் மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த மிதவை. இதுவோ ஒடுங்கிய இரு படகுகளை ஒரு தளத்தால் இணைத்தாற்போன்றது. அதில் பன்னிரண்டு இளையோர், மூன்று பெரியவர்கள்.

சமையலறைச் சுவரில் ஒரு பட்டியல் தொங்குமாம். ஒருவர் அன்றைய தலைவர். கடல்வரைபடத்தைப் பார்த்து வழியைத் தீர்மானித்துச் சுக்கான் பிடிப்பவர். ஒருவர் பதினைந்து பேருக்கும் சமைப்பவர். ஒருவர் பாத்திரம் துலக்க, ஒருவர் கழிவறை கழுவ. நாள்தோறும் முறை மாறும். நேற்றுச் சுக்கான் பிடித்தவர் இன்று கழிவறை கழுவுவார். கட்டணத்தை நான் மன்னித்தது இந்த இடத்தில்தான்.

தொட்டியில் உள்ள நன்னீர் குடிக்கவும் சமைக்கவுமே. குளியல் கடலில், ஏறி வந்தபின் உப்புப் போக ஒரு குவளை நீர். தட்டுகளையும் முதலில் கடல்நீரில்தான் அலச வேண்டும். கைப்பேசிகள் முதல்நாளே பெட்டிக்குள் போய்விட்டன.

அத்தீவுகளில் ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்தே காற்று வீசும். பாய்மரம் காற்றை நேருக்கு நேர் எதிர்த்துச் செல்லாது. ஆகவே கிழக்கே போக வேண்டுமானால் இடமும் வலமுமாகச் சாய்ந்து சாய்ந்து முன்னேற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருபக்கக் கயிற்றை ஒருவர் தளர்த்தும்போதே மறுபக்கக் கயிற்றை மற்றொருவர் இழுத்தாக வேண்டும். ஒருவர் கண்ணயர்ந்தால் பாய் படபடத்துப் படகு நின்றுவிடும்.

மூழ்குபவருக்குக் கற்பிக்கும் முதல் விதி என்னை வியப்பில் ஆழ்த்தியது: "மூச்சை ஒருபோதும் அடக்காதே." பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப் போல் இருமடங்கு. அங்கே முதுகுக் கலனிலிருந்து இழுத்த காற்று, மேலே வரும்போது இருமடங்காக விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு விரைந்து மேலேறினால் நுரையீரல் கிழியக்கூடும். நம் முத்துக்குளிப்போர் நேர்மாறாக, மூச்சை அடக்கியே மூழ்கினர். அவர்கள் மேலே இழுத்த காற்றையே உள்ளே கொண்டுசென்றதால் அவர்களுக்கு இந்த ஆபத்தில்லை. ஆனால் நேரம் மிகக் குறைவு. அதனால்தான் படகில் கயிறு பிடிப்பவராக மைத்துனரையே வைத்துக்கொள்வர் என்று தூத்துக்குடிப் பக்கம் சொல்வார்கள். தங்கையின் தாலி அவர் கையில் அல்லவா?

இங்கே கயிறு இல்லை, இணை உண்டு. எவரும் தனியே மூழ்குவதில்லை. இவளுக்கு வாய்த்த இணை, அன்று காலையில்தான் எண்ணெய்ச் சட்டியைத் துலக்காமல் விட்டதற்காக இவளோடு சண்டையிட்டவள். இருவரும் பேசாமலே நீரில் இறங்கினர். ஐந்து மீட்டர் ஆழத்தில், முகக்கண்ணாடிக்குள் நீரை நிரப்பி, மூக்கால் ஊதி வெளியேற்றும் பயிற்சி. நீர் மூக்கில் ஏறியதும் இவள் நிலைகுலைந்தாள்.

"மேலே பாயணும்னு மட்டும்தான் தோணுச்சு அத்தை. மூச்சையும் அடக்கிட்டேன்" என்றாள்.

பாய்ந்திருப்பாள். அதற்குள் இணையின் கை இவள் தோள்வாரைப் பற்றிக்கொண்டது. மறுகையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் வளையமாகச் சேர்ந்து "நலமா?" என்று கேட்டன. (கட்டைவிரலை மட்டும் உயர்த்தினால் அங்கே "நன்று" என்று பொருளன்று, "மேலே போவோம்" என்று பொருள்.) முதலில் குமிழிகள் வந்தன. பிறகு இவள் கண்ணாடியில் நீர் வடிந்தது. அதன்பின்னரே இவள் விரல்களும் வளையமாயின. அதுவரை அந்தக் கை பிடியைத் தளர்த்தவில்லை.

கடைசி வாரத்தில் சால்ட் தீவருகே, 1867இல் சூறாவளியில் மூழ்கிய 'ரோன்' என்னும் அஞ்சல் நீராவிக் கப்பலைக் கண்டிருக்கிறாள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்ட கப்பல் அது. இன்று பவளம் போர்த்து மீன்களின் இருப்பிடமாகக் கிடக்கிறது. ஒவ்வொரு மூழ்கலுக்கும் ஒரு குறிப்பேட்டுப் பக்கம் உண்டு: ஆழம், நேரம், மிஞ்சிய காற்று, இணையின் கையொப்பம். 'ரோன்' பக்கத்தைத்தான் முதலில் காட்டுவாள் என எதிர்பார்த்தேன். அவளோ இரண்டாம் நாள் பக்கத்தைத் திறந்தாள். ஆழம் ஐந்து மீட்டர். கையொப்பத்தின் கீழே இணை ஒரு வரி எழுதியிருந்தாள்: "சட்டி இன்னும் அப்படியே இருக்கிறது."