கல்லறைக்குப் போட்ட தடை

ரோம் நகர மதிலைத் தாண்டி ஆப்பியன் சாலையில் தெற்கே போனால் கலிஸ்து சுரங்கக் கல்லறை வருகிறது. மென்மையான எரிமலைக் கல்லைக் குடைந்து அடுக்கடுக்காக இறங்கும் நடைவழிகள்; அவற்றிடையே ஒரு சிறிய அறை. மூன்றாம் நூற்றாண்டுத் திருத்தந்தையர் ஒன்பது பேரை அங்கே அடக்கம் செய்தார்கள். 1854-இல் தொல்லியலாளர் தெ ரோசி கண்டுபிடித்தபோது மண்ணும் உடைந்த பளிங்கும்தான் கிடைத்தன. புனிதர்களின் எலும்புகளை ஒன்பதாம் நூற்றாண்டிலேயே நகரத்துத் தேவாலயங்களுக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

தப்பிய பலகைகளில் புகழுரை எதுவுமில்லை. கிரேக்க எழுத்தில் பெயர், சிலவற்றில் ஆயர் என்ற குறிப்பு. 250-இல் பேரரசர் தேசியுஸ் காலத்தில் உயிரிழந்த ஃபேபியனின் பலகையில், 'மறைசாட்சி' என்பதன் சுருக்கத்தைப் பின்னால் வேறொருவர் கை சேர்த்திருக்கிறது.

இந்த அறையில் கிடத்தப்பட்டவர்களில் இரண்டாம் சிக்ஸ்துஸின் முடிவு கல்லறையோடே பிணைந்தது. 257-இல் பேரரசர் வலேரியன், கிறிஸ்தவர்கள் கூட்டம் கூடவோ கல்லறைகளுக்குள் நுழையவோ கூடாதென்று ஆணையிட்டார். செத்தவர்கள் இருக்கும் இடத்துக்கு அரசு ஏன் பூட்டுப் போட வேண்டும்? இறந்தவர்களின் நினைவுநாளில் இந்த மக்கள் ஒன்றுசேர்ந்த இடம் அது. அடிக்க வேண்டிய இடம் வலேரியனுக்குத் தெரிந்திருக்கிறது. மறு ஆண்டு ஆணை இன்னும் கடுமை: ஆயர், குரு, திருத்தொண்டர் யாராயினும் உடனே மரண தண்டனை, கிறிஸ்தவ செனட்டர்களுக்குப் பதவியும் சொத்தும் பறிபோகும். சொத்து என்ற பேச்சு வந்ததுமே கஜானாவின் பசியும் தெரிந்துவிடுகிறது.

258 ஆகஸ்ட் 6 அன்று, கல்லறையில் வைத்தே சிக்ஸ்துஸைப் பிடித்து, நான்கு திருத்தொண்டர்களோடு கொன்றார்கள். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியன் அக்காலக் கடிதமொன்றில் இதை எழுதியிருக்கிறார். அடுத்த மாதமே அவர் தலையும் வெட்டப்பட்டது. இருக்கையில் அமர்ந்து போதித்துக்கொண்டிருந்த சிக்ஸ்துஸைப் படைவீரர் பிடித்ததாக, நூறாண்டுக்குப் பின் திருத்தந்தை தமாசுஸ் செய்யுள் எழுதினார்.

260-இல் வலேரியன் பாரசீக மன்னர் ஷாபூரிடம் சிறைப்பட்டார். கிறிஸ்தவ எழுத்தாளர்கள் அதைக் கடவுளின் தண்டனை என்று கொண்டாடினார்கள். எனக்கோ அவர் மகன் காலியேனுஸ் செய்ததுதான் முக்கியமாகப் படுகிறது. தகப்பனின் தடையை விலக்கி, கல்லறைகளை ஆயர்களிடமே ஒப்படைத்தார். சிக்ஸ்துஸுக்குப் பின் வந்த தியோனிசியுஸ், ஃபெலிக்ஸ், யூட்டிகியன் மூவரையும் அதே அறையில் அடக்கம் செய்ய முடிந்தது.