எட்டு முடித்த பிள்ளை

கோடை விடுமுறை தொடங்கிய வாரம் அது. ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து, பங்கு இல்லத்தின் திண்ணையில் நாம் அமர்ந்திருந்தோம். பெருமாநல்லூர்ப் பக்கத்திலிருந்து பேருந்தேறி வரும் ஒரு தாய் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்து நின்றார். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைப்பவர். கணவர் உடல் நலிந்து வீட்டில் இருக்கிறார். அவருடைய கேள்வி சுருக்கமானது: "பையன் எட்டு முடிச்சுட்டானுங்க சாமி. இனிமேக் கம்பெனிக்கு அனுப்பலாமுங்களா?"

இத்தகைய கேள்வியை இப்பகுதியில் பணிபுரியும் எந்தக் குருவும் ஆண்டுக்கு நான்கைந்து முறையாவது கேட்டிருப்பார். அதற்கு நாம் வைத்திருக்கும் பதிலும் பழக்கமானதே. அன்று ஏனோ அந்தப் பதிலைச் சொல்லாமல், பையனின் பக்கம் திரும்பி, "எட்டு முடித்தாயே, என்ன கற்றாய்?" என்று கேட்டோம். அவன் சற்றும் தயங்காமல் கூட்டு வட்டிக்கான சூத்திரத்தை ஒப்புவித்தான். நமக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. தாயின் முகத்திலும் பெருமை தெரிந்தது.

"அப்படியானால் உன் அம்மாவின் இந்த வாரச் சம்பளத்தைக் கணக்கிட்டுச் சொல், பார்ப்போம்" என்றோம். விளையாட்டாகக் கேட்டதுதான். தாய் விவரம் சொன்னார்: ஒரு ஷிப்டுக்கு 480 ரூபாய், அந்த வாரம் நான்கு நாள் ஒன்றரை ஷிப்ட், இரண்டு நாள் ஒரு ஷிப்ட், முன்பணத்துக்குப் பிடித்தம் 500 ரூபாய். பையன் தாளையும் பேனாவையும் வாங்கிக்கொண்டு திண்ணையின் ஓரத்தில் அமர்ந்தான். வெகுநேரம் எழுதினான், அடித்தான், மீண்டும் எழுதினான். கடைசியில் தலை குனிந்தான். 480-இன் ஒன்றரை மடங்கு எவ்வளவு என்பதில் அவன் நின்றுவிட்டான்.

ஒன்றரை ஷிப்ட் என்ற சொல்லை அவன் தொட்டிலில் கிடந்த நாள் முதல் கேட்டிருக்கிறான். அவன் அம்மா ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வரும் இரவுகளில் அவன்தான் சோறு வடித்து வைக்கிறான். ஆறாம் வகுப்பில் பின்னமும் படித்திருக்கிறான். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றின் கீழ் இரண்டு என எழுதவும் அவனுக்குத் தெரியும். வீட்டில் கேட்ட ஒன்றரையும் பள்ளியில் எழுதிய ஒன்றரையும் ஒரே ஒன்றரைதான் என்பதை மட்டும் அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

நாம் அவனருகில் அமர்ந்து கூட்டினோம். ஒன்றரை ஷிப்ட் 720 ரூபாய். நான்கு நாளைக்கு 2,880. ஒரு ஷிப்ட் நாள்கள் இரண்டுக்கு 960. மொத்தம் 3,840. பிடித்தம் போகக் கையில் வர வேண்டியது 3,340. தாய் தம் பையிலிருந்த கூலிக் கவரை எடுத்துப் பார்த்தார். அதில் இருந்தது 3,100 ரூபாய். குறைந்த 240 ரூபாய் சரியாக ஓர் அரை ஷிப்டின் கூலி. எங்கோ ஓரிரவு உழைப்பு ஏட்டில் ஏறாமல் போயிருக்கிறது. மறுநாள் கேட்டபோது அது திருத்தப்பட்டது என்று பின்னர் அறிந்தோம். ஆனால் அந்தத் தாய் அன்று சொன்னது வேறு: "இத்தன வருசமா நான் எண்ணிப் பார்த்ததே இல்லீங்க சாமி. குடுத்தா வாங்கிக்குவேன்."

அந்த வார்த்தை நம்மை விட்டு அகலவில்லை. ஆண்டுதோறும் பங்குத் திருவிழாவில், அதிக மதிப்பெண் பெற்ற பிள்ளைகளுக்குப் பரிசு கொடுப்பவர்கள் நாம். இதே பையன் ஏழாம் வகுப்பில் நம் கையால் ஒரு பேனாப் பெட்டி வாங்கியிருக்கிறான். "எத்தனை மதிப்பெண்?" என்று அவனை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம், "என்ன தெரியும்?" என்று ஒருமுறையும் கேட்டதில்லை. குறை அவனுடையது மட்டும் அன்று.

அன்பர்களே, ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று ஆண்டுகள் பிள்ளையின் வாழ்வில் ஒரு தனிப் பருவம். தொடக்கப் பள்ளியின் கைப்பிடிப்பு விட்டுப்போகிறது. உயர்நிலையின் பொதுத்தேர்வு அச்சம் இன்னும் வரவில்லை. குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தபின், எட்டாம் வகுப்பு வரை கற்பது ஒவ்வொரு பிள்ளையின் உரிமையாயிற்று. தமிழ்நாட்டில் எட்டு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் இதை உறுதிப்படுத்தியது. இது இரக்கமுள்ள ஏற்பாடு. தோல்வி என்ற முத்திரை குத்தப்பட்டு எத்தனை பிள்ளைகள் பத்து வயதிலேயே பள்ளியை விட்டு ஓடினார்கள் என்பதை நம் தலைமுறை அறியும். ஆயினும் ஒரு கடமை இதனோடு பிணைந்துள்ளது. தேர்வு நிறுத்தாத பிள்ளையை அறியாமை பின்னால் நிறுத்திவிடும். ஆகவே ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் பிள்ளையின் கையில் என்ன தங்கியிருக்கிறது என்று பார்ப்பவர் ஒருவர் வேண்டும்.

குருமடத்தில் திருச்சபை வரலாறு பயின்றபோது, இயேசு சபையினர் 1599-இல் வகுத்த கல்வி ஒழுங்குமுறையைப் பற்றிப் படித்தோம். இலக்கண வகுப்புகளைப் படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் இன்னது கற்க வேண்டும் என்று அது எல்லை வகுத்தது. அன்று அதை ஒரு தேர்வு விடையாக மனப்பாடம் செய்தோம். அந்தத் திண்ணையில் அமர்ந்திருந்தபோதுதான் அதன் பொருள் விளங்கிற்று. ஒவ்வொரு படியிலும் கால் ஊன்றிய பின்னரே அடுத்த படி ஏற வேண்டும்; இல்லையேல் ஏறியதெல்லாம் ஏறியதாகாது.

அதன்பின் பங்குப் பிள்ளைகளின் பாடநூல்களை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தோம். 2018-ஆம் ஆண்டு ஆறாம் வகுப்புக்கும், 2019-இல் ஏழு, எட்டு வகுப்புகளுக்கும் வந்த நூல்கள். குறை காணும் எண்ணத்துடன் திறந்த நாம் வியப்புடன் மூடினோம். நம் பிள்ளைகளுக்கு வேண்டியது பெரும்பாலும் அவற்றில் இருக்கிறது. வாழ்வோடு அவற்றை இணைத்துக் காட்டும் குரல்தான் குறைவு.

ஆறாம் வகுப்பை எடுத்துக்கொள்வோம். கணக்கில் பின்னம், விகிதம், பட்டியல், இலாப நட்டம் ஆகியவை வருகின்றன. அறிவியலில் முதல் பாடமே அளவீடுகள். சமூக அறிவியலில் சிந்துவெளியும் தமிழகத்தின் பண்டை நகரங்களும், அவற்றோடு ஊராட்சியும் நகராட்சியும் வருகின்றன. இவ்வாண்டின் இறுதியில் பிள்ளைக்கு என்ன கைவர வேண்டும்? ஒரு பக்கத் தமிழைத் தட்டுத் தடுமாறாமல் படித்து, அதன் பொருளைத் தன் சொல்லில் கூற வேண்டும். மளிகைக் கடைப் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். ஒரு பனியனின் மார்பு அளவையும் நீளத்தையும் நாடா கொண்டு அளந்து எழுத வேண்டும். தன் ஊராட்சி எது, குடிநீர் வராவிட்டால் யாரிடம் கேட்பது என்று தெரிய வேண்டும். ஆங்கிலத்தில், தன் தாய் நாள் முழுதும் கழுத்துப் பட்டையில் வைத்துத் தைக்கும் அந்தச் சிறு லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க வேண்டும். எத்தனை ஆயிரம் லேபிள்களைத் தைத்தும் அதை வாசிக்க இயலாத தாய்மார் நம் பங்கில் இருக்கின்றனர்.

ஏழாம் வகுப்பில் நேர் விகிதமும் எதிர் விகிதமும், விழுக்காடும் தனிவட்டியும் வருகின்றன. வார வட்டிக்குக் கடன் கொடுப்பவர் வீட்டு வாசலில் நிற்கும் தெருக்களில் வாழும் பிள்ளைக்கு இதைவிட அவசரமான பாடம் வேறில்லை. நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு அறுபது விழுக்காடு. ஏழாம் வகுப்புப் பிள்ளை அதை வாய்க்கணக்காகவே சொல்லிவிட வேண்டும். அறிவியலில் பலபடி வேதியியல் என்றொரு பாடம். பெயர் கேட்டு அஞ்ச வேண்டா. பருத்தி முதலிய இயற்கை இழைகளும், பாலியெஸ்டர் முதலிய செயற்கை இழைகளும் எவ்வாறு அமைந்துள்ளன என்பதே அதன் பொருள். திருப்பூர்ப் பிள்ளைக்கு இது பாடமா, வீட்டுச் செய்தியா? ஒரு நூலிழையைத் தீயில் காட்டிப் பார்த்தால், பருத்தி தாள் போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கட்டியாகும். ஆசிரியர் ஒருவர் இதைச் செய்து காட்டினால் பிள்ளைகள் ஆயுளுக்கும் மறவார்.

எட்டாம் வகுப்பு வாசற்படி. கூட்டு வட்டி, பொருள்களுக்கான வரி, வேலையும் காலமும் ஆகியவை வாழ்வியல் கணிதமாக வருகின்றன. அமிலம், காரம், நீர் ஆகியவை அறிவியலில் வருகின்றன. இவற்றைக் கற்ற பிள்ளை நொய்யலைக் கண் திறந்து பார்க்க வேண்டும். உழவுக்கென்று 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குளமாகி, உழவரின் கண்ணீருக்குக் காரணமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவை முற்றிலும் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. பட்டறைகள் நின்றன, பல்லாயிரவர் வேலையும் தடுமாறிற்று. தண்ணீரும் பிழைப்பும் எதிரெதிரே நின்ற அந்நாள்களை நடுநிலையோடு ஆராயக் கற்ற பிள்ளைக்கு வேதியியலும் குடிமையியலும் ஒருங்கே விளங்கும்.

வளரிளம் பருவத்தைப் பற்றிய பாடமும் எட்டில்தான் இருக்கிறது. கூச்சத்தால் இதைத் தாண்டிச் செல்லும் வகுப்பறைகள் உண்டு. கம்பெனிக்கும் விடுதிக்கும் பேருந்துக்கும் நாளை தனியே போகப் போகும் பெண்பிள்ளைக்கும் ஆண்பிள்ளைக்கும் இது தாண்டக் கூடாத பாடம். பெற்றோரும் நாமும் அந்தக் கூச்சத்தை விட்டொழிப்பது நலம்.

வரலாற்றில், ஆங்கிலேயரை எதிர்த்து 1805-இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையை எட்டாம் வகுப்புப் பிள்ளை படிக்கிறான். அவர் கொங்கு மண்ணின் மைந்தர் என்று அறிந்து மகிழ்கிறான். அந்த மகிழ்ச்சியோடு இன்னோர் அடி எடுத்து வைத்தால், 1970 ஜூனில் மின்கட்டண உயர்வை எதிர்த்து உழவர்கள் போராடியபோது பெருமாநல்லூரிலேயே காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மூவர் உயிர் நீத்ததை அறிவான். தினமும் பேருந்துக்குக் காத்து நிற்கும் ஊரிலும் வரலாறு நடந்திருக்கிறது என்று அறியும் பிள்ளை, பாடநூலை வேறு கண்ணால் வாசிப்பான்.

இன்னொன்றையும் கூறாதிருக்க இயலாது. இப்பகுதியின் வகுப்பறைகளில் இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளரின் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்கு ஆறாம் வகுப்பின் பாடத்துக்கு முன்பே அகரம் வேண்டியிருக்கிறது. பின்தங்கிய பிள்ளைகளுக்கு அடிப்படை மொழியும் கணக்கும் கற்பிக்க, ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளுக்கு அரசு 2025-இல் 'திறன்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அது நல்ல தொடக்கம். ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் அமரும் நம் பிள்ளை தன் பென்சிலைப் பகிர்ந்து, ஒரு சொல்லைச் சொல்லித் தருவது எந்தத் திட்டத்தாலும் ஆகாத காரியம்.

பெற்றோரே, உங்களுள் பலர் எட்டை எட்டாதவர்கள். "நாங்க என்னத்தக் கண்டோம் சாமி, பாடத்தப் பத்தி" என்று சொல்வீர்கள். நீங்கள் பாடம் நடத்த வேண்டா. மாதம் ஒருமுறை, சம்பளம் வாங்கிய சனிக்கிழமை இரவில், பிள்ளையை அருகில் அழைத்து மூன்று வேலை கொடுங்கள். கூலியைக் கணக்கிடச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த ஏதேனும் ஒரு தாளை, அது மின்கட்டணச் சீட்டானாலும் நாளிதழ் ஆனாலும், உரக்க வாசித்து உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். இம்மாதம் பள்ளியில் கற்றதில் ஒன்றை உங்களுக்குக் கற்பிக்கச் சொல்லுங்கள். விளக்க முடியாத பிள்ளையை அடிக்காதீர்கள். மறுநாள் ஆசிரியரைச் சென்று பாருங்கள். எட்டாம் வகுப்பில் இருப்பவனைத் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு எழுதச் சொல்லுங்கள். தேர்ச்சி பெற்றுத் தெரிவானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். நான்கு ஆண்டில் 48,000 ரூபாய். கம்பெனியின் முதல் கவரைப் பார்த்து மயங்குமுன் இதையும் எண்ணிப் பாருங்கள்.

அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். பையனுக்கு வயது பதின்மூன்று. பதினான்கு நிறையாத பிள்ளையை வேலையில் அமர்த்துவதை 2016-இல் திருத்தப்பட்ட சட்டம் தடை செய்கிறது என்று சொன்னோம். அவர் தலையசைத்தார். சட்டத்துக்காக அவர் தலையசைத்ததாக நமக்குத் தோன்றவில்லை. கையிலிருந்த கவரையும் மகன் எழுதிய தாளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒம்பதுக்கு அனுப்பறனுங்க. ஆனா இவன் கணக்கு கத்துக்கோணும்" என்றார். அந்த வீட்டின் வாடகையும் மருந்துச் செலவும் அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையின்மேல் எவ்வளவு பாரமாக அழுத்துகின்றன என்பதை நாம் அறிவோம். அடுத்த கோடையில் அவர் என்ன சொல்வார் என்று நம்மால் உறுதி கூற முடியாது.

நம்மால் இயன்றது ஒன்று. இவ்வாண்டுத் திருவிழாவில் மதிப்பெண் பட்டியலை நாம் கேட்கவில்லை. பரிசு பெற விரும்பும் பிள்ளைகள் தாயையோ தந்தையையோ உடன் அழைத்து வந்து, அவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சபை நடுவே கற்பிக்க வேண்டும் என்று அறிவித்தோம். அந்தப் பையனும் வந்தான். கையில் ஒரு கூலிக் கவர் வைத்திருந்தான். அவன் அம்மா எதிரே நாற்காலியில், முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மாணவியாக அமர்ந்தார். "ஒன்றரை என்றால்..." என்று அவன் தொடங்கினான்.